ஆர்.என்.ஏ-வைப் பிடிக்கும் மருந்து: யார் இந்த சுப்பாராவ்?

திருவண்ணாமலை ரமணாசிரமம் பக்கம் மெடிக்கல் ஷாப்பில், உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்டர் எழுதிய சீட்டை நீட்டினால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை தருவாங்க. அது டெட்ராசைக்ளின் குடும்பம். அந்தக் குடும்பத்தின் மூத்த மருந்து ஆரியோமைசின். அது பிறந்த ஆய்வகத்தை நடத்தியவர் எல்லப்பிரகத சுப்பாராவ்.

1895-ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு அடுத்தடுத்துப் பறிகொடுத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்ததால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். கிடைக்கல, எல்.எம்.எஸ். சான்றிதழ்தான்.

1923-ல் அமெரிக்கா போனார். 1925-ல் ஹார்வர்டில் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து, ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையைக் கண்டறிந்தார். அங்கே நிரந்தர வேலை தரல. 1940-ல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். அவர் தலைமையில்தான் பெஞ்சமின் டகர், மண்ணிலிருந்த நுண்ணுயிரில் ஆரியோமைசினைக் கண்டுபிடித்தார்.

மருந்து எப்படி வேலை செய்யுது? கிருமிக்குள் புரதம் தயாரிக்கும் இடம் ரைபோசோம். அதிலுள்ள ஆர்.என்.ஏ-வில் இந்தச் சின்ன மூலக்கூறு போய் ஒட்டிக்கும். புரதம் நின்றுபோனால் கிருமி பெருகாது.

1948-ல் ஆரியோமைசின் அறிமுகமானது. அதே ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் இறந்தார். டெட்ராசைக்ளின் ஒட்டும் இடம் அவருக்குத் தெரியாது. அதை 2000-ல் துல்லியமாகக் காட்டியது, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் குழு.