கொச்சியில் ஒரு யூத காந்தி

சேலம் என்றதும் நமக்கு மாம்பழ ஊர் நினைவுக்கு வரும். ஆனால் சேலம் என்ற பெயரில் கொச்சியில் ஒரு யூத வக்கீல் வாழ்ந்தார். சொந்த மதத்தாரே எழுப்பியிருந்த தடுப்புச் சுவரை அகிம்சையால் தகர்த்தவர் அவர். அவரை யூத காந்தி என்று மக்கள் அழைத்தார்கள்.

அவருடைய முழுப் பெயர் ஆபிரகாம் பராக் சேலம். 1882-ம் ஆண்டு கொச்சியில் பிறந்தார். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்தார். பிறகு சென்னைக்கு வந்து சட்டம் பயின்றார். அவருடைய பிரிவில் முதல் பட்டதாரி அவர்தான். ஊர் திரும்பி எர்ணாகுளத்தில் வக்கீல் தொழில் நடத்தினார்.

தரையில் உட்கார்ந்தவர்கள்

கொச்சி மட்டாஞ்சேரியில் அரண்மனையை ஒட்டி ஒரு யூதக் கோயில் இருக்கிறது. 1568-ம் ஆண்டு கட்டப்பட்டது. பரதேசி யூதக் கோயில் என்று அதற்குப் பெயர்.

அதே கோயிலைச் சேர்ந்தவர்களிலேயே ஒரு பிரிவினர் ஒதுக்கப்பட்டிருந்தனர். யூதக் குடும்பங்களில் முற்காலத்தில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் சந்ததியார் அவர்கள். அவர்களுக்கு ஆசனம் கிடையாது. வெளிக்கூடத்திலோ தரையிலோதான் உட்கார வேண்டும். வேதம் வாசிக்க அவர்களை அழைக்கமாட்டார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இல்லை. கல்லறை கூடத் தனி!

வக்கீல் சேலம் அந்தப் பிரிவில் பிறந்தவர். நீதிமன்றத்தில் அவருக்கு இருந்த மரியாதை, ஆண்டவன் சன்னதியில் இல்லை.

குழியும் விளக்கும்

யூத வேதத்தில் யோசேப்பின் கதை வருகிறது. 17 வயதுப் பையன் அவன். அண்ணன்மார் பொறாமை கொண்டு அவனைக் குழியில் தள்ளினார்கள். பிறகு 20 வெள்ளிக்காசுக்கு அடிமையாக விற்றுவிட்டார்கள். அவனோ எகிப்தில் மன்னனுக்கு அடுத்த அதிகாரியாக உயர்ந்தான். பஞ்ச காலத்தில் தானியம் கேட்டு வந்த அதே அண்ணன்மாரை மன்னித்து, கட்டி அழுதான்.

பெரும்பாலும் இந்தக் கதையை யூதர்கள் கோயிலில் வாசிப்பது ஹனுக்கா பண்டிகை வரும் வாரத்தில். அது நம் கார்த்திகையைப் போல விளக்குப் பண்டிகை. கி.மு. 164-ல் யூதா மக்கபேயு என்ற வீரன் எருசலேம் ஆலயத்தை அன்னிய மன்னனிடமிருந்து மீட்டான். ஒரு நாளைக்குப் போதுமான எண்ணெய்தான் இருந்தது. அது 8 நாள் எரிந்தது என்பது ஐதிகம். எனவே முதல் இரவு ஒரு விளக்கு, மறு இரவு இரண்டு என்று ஏற்றி, எட்டாம் இரவு எட்டு விளக்கு ஏற்றுகிறார்கள்.

தால்முத் என்ற பழைய யூத நூலில் ஒரு ஞானியின் பெயரால் இரண்டு உபதேசங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஹனுக்கா விளக்கை 20 முழத்துக்கு மேல் உயரத்தில் வைத்தால் செல்லாது என்பது ஒன்று. அவ்வளவு உயரத்தில் இருந்தால் மக்கள் கண்ணில் படாது அல்லவா? யோசேப்பைத் தள்ளிய குழியில் தண்ணீர் இல்லை, பாம்பும் தேளும் இருந்தன என்பது மற்றொன்று.

எட்டாத உயரத்தில் விளக்கு. எட்டாத ஆழத்தில் தம்பி. சேலம் கண்ட கோயிலும் அப்படித்தான் இருந்தது.

சத்தியாக்கிரகம்

அடுத்த சமஸ்தானமான திருவாங்கூரில் 1924-ல் வைக்கம் சத்தியாக்கிரகம் தொடங்கியது. கோயிலைச் சுற்றிய தெருவில் எல்லோரும் நடக்க உரிமை கேட்ட போராட்டம் அது. நம் பெரியார் அதில் சிறை சென்றார்.

சேலமும் காந்தி வழியையே நம்பினார். சில காலம் கோயிலுக்குப் போகாமல் பகிஷ்கரித்தார். யாரையும் அடிக்கவில்லை, மதத்தை விட்டும் போகவில்லை. உரிமையை மட்டும் ஓயாமல் கேட்டார். 1930-களில் பழைய தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஹனுக்கா விளக்கு நாளுக்கு ஒன்றாகக் கூடுவது போல, உரிமைகளும் ஒன்று ஒன்றாக வந்தன.

அவர் தம் இனத்துக்கு மட்டும் உழைக்கவில்லை. படகோட்டிகளுக்குச் சங்கம் அமைத்தார். 1925 முதல் 1931 வரையிலும், 1939 முதல் 1945 வரையிலும் கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். பூரண சுதந்திரத் தீர்மானம் நிறைவேறிய 1929 லாகூர் காங்கிரசிலும் கலந்துகொண்டார்.

அவருடைய மகன் ஒருவரும் வெள்ளை யூதர் வீட்டுப் பெண்ணும் காதலித்தனர். கொச்சியில் எதிர்ப்பு இருந்ததால் பம்பாய்க்குப் போய் மணம் செய்துகொண்டார்கள். பழைய சுவரில் கடைசிக் கல்லும் பெயர்ந்தது.

ஆனால் சுவர் விழுந்த வேளையில் வீடே காலியாகத் தொடங்கியது. 1950-களில் கொச்சி யூதர்கள் பெருவாரியாக இஸ்ரேலுக்குக் குடியேறினார்கள். அப்படிப் போகும்படி ஊக்கமூட்டியவர்களில் சேலமும் ஒருவர். ஆயினும் அவர் போகவில்லை. கொச்சியிலேயே இருந்து, 1967-ல் காலமானார்.

இன்று அந்தக் கோயிலைக் காண உலகமெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். வழிபட யூதர்கள்தான் அநேகமாக இல்லை. யூதத் தெருவில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கோயிலுக்குள் தரையில் உட்கார வைக்கப்பட்டவரின் பெயர் அது.