மணி அடித்த இடிதாங்கி

இடிதாங்கியைக் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின் என்று ஒரு மார்க் கேள்விக்கு நாம எல்லோரும் எழுதியிருப்போம். அவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் படித்தேன். எல்லோரும் பட்டம் விட்ட கதையைத்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது மணி கதை.

அவர் 1706-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். அப்பா சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து விற்றவர். பத்து வயதோடு படிப்பு நின்னு போச்சு. 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் வேலை. 17 வயதில் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு பிலடெல்பியாவுக்கு ஓடிவிட்டார். அங்கே சொந்த அச்சகம் வைத்து நன்றாகச் சம்பாதித்தார். 1748-ல் தொழிலைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு மின்சார ஆராய்ச்சியில் முழுசா இறங்கினார்.

1752-ல் தன் வீட்டுக் கூரைமேல் இரும்புக் கம்பி நட்டார். அதிலிருந்து ஒரு கம்பி மாடிப்படி வழியாக இறங்கி, தண்ணீர் பம்பின் இரும்போடு சேர்ந்து மண்ணுக்குள் போனது. நடுவில் அந்தக் கம்பியை வெட்டி, ஆறு அங்குல இடைவெளி விட்டு, இரண்டு முனையிலும் ஒவ்வொரு மணி கட்டினார். இடையில் பட்டு நூலில் சின்ன பித்தளைக் குண்டு. மின்சாரம் உள்ள மேகம் மேலே வந்தால் குண்டு மாறி மாறி இரண்டு மணியையும் அடிக்கும்!

பிறகு அவர் லண்டன் போய்விட்டார். வீட்டில் இருந்த மனைவி டெபோராவுக்கு அந்தச் சத்தம் பயமாக இருந்தது. பாவம், ராத்திரியில் திடீர்னு மணி அடிச்சா யாருக்குத்தான் பயம் வராது? இரண்டு மணியையும் ஒரு கம்பியால் சேர்த்துவிடும்படி 1758-ல் அவர் கடிதம் எழுதினார். அப்போது மின்சாரம் சத்தமில்லாமல் மண்ணுக்குப் போய்விடும்.

ரஷ்யாவில் ரிச்மான் என்ற விஞ்ஞானியும் 1753-ல் இப்படி வீட்டுக்குள் கம்பி கொண்டுவந்தார். மின்சாரத்தை அளப்பதற்காக அதை மண்ணோடு இணைக்கவில்லை. மின்னல் அவர் நெற்றியில் பாய்ந்து இறந்துபோனார்.

பிராங்க்ளின் இடிதாங்கிக்குக் காப்புரிமை வாங்கவே இல்லை. செய்முறையைத் தன் பஞ்சாங்கத்தில் அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்தார். 1790-ல் இறந்தார். டெலிபோன் வந்தது 1876-ல்தான். ஆனாலும் அவர் யோசனை அதற்கும் உதவியது. எப்படின்னு கேக்கறீங்களா?

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே டெலிபோன் கம்பி போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டடத்துப் பக்கத்தில் மின்னல் விழுந்தால் அங்கே மண்ணின் மின்னழுத்தம் திடீரென்று ஏறும். அடுத்த கட்டடத்தில் அவ்வளவு ஏறாது. அந்த வித்தியாசம் டெலிபோன் கம்பி வழியாகப் பாய்ந்து போனைக் கருக்கிவிடும், பேசுகிறவரையும் தாக்கும். அதனால் கம்பி நுழைகிற இடத்திலேயே, இரண்டு கட்டடத்திலும், ஒரு பாதுகாப்புப் பெட்டி வைப்பார்கள். பழைய பெட்டிக்குள் நூலிழை இடைவெளியில் இரண்டு கார்பன் துண்டுகள். ஒன்று டெலிபோன் கம்பியில், மற்றது எர்த்தில். பேச்சைக் கொண்டுபோகும் மின்சாரத்தால் அந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. மின்னல் தாண்டி மண்ணுக்குப் போய்விடும். பின்னாளில் கார்பனுக்குப் பதில் வாயு நிரப்பிய குழாய் வந்தது.

எர்த் கம்பி கழன்றிருந்தால் மட்டும், பெட்டி இருந்தும் மின்னலுக்குப் போக வழி கிடையாது. ரிச்மான் வீட்டுக் கம்பிக்கும் அதுதான் இல்லை.