சினை ஊசிக்குக் குளிர் தந்தவர்
உங்கள் மாட்டுக்குப் போடும் சினை ஊசியின் உறைவிந்து, மைனஸ் 196 டிகிரி குளிரில் திரவ நைட்ரஜனுக்குள் இருக்கிறது. அந்தக் குளிருக்கு வழிகாட்டியவர் கார்ல் வான் லிண்டே. 1842-ல் ஜெர்மனியில் பாதிரியார் மகனாகப் பிறந்தார். மாணவர் போராட்டத்தால் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டவர், பின்னர் மூனிச் நகரில் பேராசிரியரானார்.

அழுத்திய காற்றைச் சிறு துவாரத்தின் வழியே விரியவிட்டால், ஒன்றையொன்று இழுக்கும் அதன் மூலக்கூறுகள் விலகிப் போக வேண்டும். அதற்குத் தன் வெப்பத்தையே செலவிடுவதால் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றைக் கொண்டே அடுத்து வரும் காற்றையும் குளிர்வித்து, 1895-ல் காற்றைத் திரவமாக்கினார். திரவக் காற்றிலிருந்துதான் நைட்ரஜன் பிரிக்கப்படுகிறது. 1934-ல் லிண்டே மறைந்தார்.

கொள்கலனில் நைட்ரஜன் வற்றினால் விந்தணு செத்துவிடும். சினை பிடிக்காது, 21 நாள் வீண். ஊசி போட வருபவரிடம் நைட்ரஜன் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.