மூன்று நோயாளிகளும் ஒரு நோயும்

நுழையும்முன்

மீயொலிக் கருவி என்றதும் கருவிலிருக்கும் குழந்தையின் உருவமே பலர் நினைவிலும் எழும். அரூர் போன்ற ஊர்களில் ஸ்கேன் எடுத்தல் என்னும் பேச்சே பெரும்பாலும் தாய்மையோடு இணைந்து வருகிறது. அதே ஒலியலை, காலின் சிரைச்சுவர் அழற்சியால் தடித்திருப்பதையும் அளந்து காட்டவல்லது. வாதநோய் மருத்துவத்தில் இந்த அளவீடு சிறப்பாகப் பயன்படும் நோய் ஒன்று உண்டு. அந்நோயைத் தனியொரு நோயென்று உலகுக்கு உணர்த்தியவர் துருக்கி நாட்டுத் தோல் மருத்துவர் ஹுலுசி பெஹ்செட். அவர் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

இளமையும் கல்வியும்

ஹுலுசி 1889ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் இஸ்தான்புல் நகரில் பிறந்தார். தந்தை அகமத் பெஹ்செட் ஒரு வணிகர். தாயை இளமையிலேயே இழந்த ஹுலுசி, பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். தந்தையின் தொழில் காரணமாக அவருடைய சிறுபருவத்தின் ஒரு பகுதி டமாஸ்கஸ் நகரில் கழிந்தது. பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளை நன்கு கற்றுத் தேர்ந்தார். அம்மொழியறிவு பின்னாளில் தம் ஆய்வுகளை ஐரோப்பிய மருத்துவர்முன் வைக்க அவருக்குத் துணைநின்றது.

1910இல், தம் இருபத்தோராம் அகவையில், குல்ஹானே இராணுவ மருத்துவப் பள்ளியில் பட்டம் பெற்றார். தொடர்ந்து தோல் மருத்துவத்தைத் தம் துறையாக ஏற்றார். முதல் உலகப்போரின்போது எதிர்னே நகர இராணுவ மருத்துவமனையில் பணிபுரிந்தார். போர் முடிந்தபின் புடாபெஸ்டிலும் பெர்லினிலும் பயிற்சி பெற்றுத் தாயகம் திரும்பினார்.

1933இல் இஸ்தான்புல் பல்கலைக்கழகம் புத்துருவம் பெற்றபோது, அதன் தோல் மருத்துவத் துறையை நிறுவும் பொறுப்பு அவரை வந்தடைந்தது. மறு ஆண்டில் துருக்கியர் அனைவரும் குடும்பப்பெயர் சூட்டிக்கொள்ள வேண்டுமெனச் சட்டம் பிறந்தது. அவர் தம் தந்தையின் பெயரையே குடும்பப்பெயராகக் கொண்டார். அப்பெயர் ஒருநாள் ஒரு நோயின் பெயராகும் என அன்று எவரும் எண்ணியிருக்கமாட்டார்.

மூன்று நோயாளிகள்

1924, 1925ஆம் ஆண்டுகளில் ஒரு நோயாளி அவரிடம் வந்தார். வாயிலும் பிறப்புறுப்பிலும் புண்கள் தோன்றும், ஆறும், மீண்டும் தோன்றும். கண்களும் அழற்சியுற்றுச் சிவக்கும். இஸ்தான்புல்லிலும் வியன்னாவிலும் பல்லாண்டுகள் மருத்துவர் பலரை நாடியவர் அவர். மேகநோய் என்றனர் சிலர். காசநோய் என்றனர் வேறு சிலர். கண் மருத்துவர்கள் கண்ணில் பலமுறை அறுவை செய்தனர். இறுதியில் அவர் பார்வையை முற்றும் இழந்தார்.

ஒவ்வொரு மருத்துவரும் தம் துறைக்குரிய உறுப்பை மட்டும் கண்டார். கண்ணைக் கண்டவர் வாயைக் கேட்கவில்லை. தோலைக் கண்டவர் கண்ணை எண்ணவில்லை. பெஹ்செட்டோ அந்நோயாளியின் குறிகள் அனைத்தையும் ஒன்றாகக் குறித்துவைத்தார். எனினும் ஒருவரைக் கொண்டு முடிவுகட்ட அவர் விரையவில்லை. 1930இல் அதே குறிகளோடு ஒரு பெண் வந்தார். 1936இல் பல் மருத்துவப் பிரிவிலிருந்து மூன்றாமவர் ஒருவர் அனுப்பப்பட்டார். பல்லாண்டுக்காலக் காத்திருப்பின் பின்னரே, இவை தனித்தனி நோய்கள் அல்ல. ஒரே நோயின் பல முகங்கள் என்னும் முடிவுக்கு அவர் வந்தார். 1937இல் ஜெர்மன் தோல் மருத்துவ இதழொன்றில் அதனை வெளியிட்டார்.

மறுப்பும் ஏற்பும்

கண் மருத்துவர்கள் அவர் கருத்தை மெல்ல ஏற்கத் தொடங்கினர். அவருடைய சொந்தத் துறையினரான தோல் மருத்துவர்களே நெடுங்காலம் மறுத்தனர். முன்னரே அறிந்த நோய்களின் சாயல்களே இவை என்பது அவர்கள் வாதம். இதற்கிடையில் பல நாடுகளிலிருந்தும் ஒத்த குறிகளுடைய நோயாளிகளைப் பற்றிய செய்திகள் வந்தவண்ணம் இருந்தன. 1947இல் ஜெனீவாவில் கூடிய பன்னாட்டு மாநாட்டில், சூரிச் பேராசிரியர் மீஷர் முன்மொழிய, அந்நோய்க்குப் பெஹ்செட் நோய் எனப் பெயர் சூட்டப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச் 8ஆம் நாள் மாரடைப்பால் பெஹ்செட் மறைந்தார்.

அவர் கூறியவை அனைத்தும் நிலைத்தன அல்ல. நோய்க்கு வைரஸ் காரணமாகலாம் என அவர் கருதினார், அக்கருத்து உறுதிப்படவில்லை. கிரேக்கக் கண் மருத்துவர் அடமான்டியாடிசும் 1930களின் தொடக்கத்திலேயே இத்தகைய நோயாளியைப் பற்றி அறிவித்திருந்தார். ஆதலின் இருவர் பெயரையும் இணைத்து வழங்குவோரும் உளர். துருக்கி முதல் ஜப்பான் வரை, பண்டைப் பட்டுப்பாதை சென்ற நாடுகளில் இந்நோய் மிகுதி, இந்தியாவில் அரிது.

சிரையைக் காட்டிய ஒலி

இந்நோயின் வேர் இரத்தக்குழாய்களின் அழற்சியில் உள்ளது. தமனிகளைவிடச் சிரைகளையே இது மிகுதியாகத் தாக்குகிறது. காலின் ஆழ்சிரையில் சுவர் அழன்று தடிக்க, அச்சுவரை ஒட்டியே இரத்தம் உறைகிறது. ஆகவே உறைவைத் தடுக்கும் மருந்து மட்டும் போதாது. அழற்சியைத் தணிக்கும் மருந்தே முதன்மையாகிறது. இவ்வேறுபாட்டை உணராவிடின் கால் மீண்டும் மீண்டும் வீங்கும். ஆறாப் புண்ணும் உண்டாகும்.

சுவரின் அழற்சி வெளியே தெரிவதில்லை. அதனைக் காணும் கருவி பெஹ்செட்டின் காலத்தில் மருத்துவமனைகளில் இல்லை. அவர் மறைந்து பத்தாண்டுகள் கழிந்தபின், 1958இல், கிளாஸ்கோ நகரில் இயான் டொனால்டு குழுவினர் மீயொலியால் வயிற்றின் உள்ளுறுப்புகளைக் காட்டினர். மனிதச் செவிக்கு எட்டாத அவ்வொலி, உடலுக்குள் திசுக்களின் எல்லைகளில் பட்டு எதிரொலிக்கிறது. எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு கருவி தொலைவைக் கணிக்கிறது.

இன்று நோயாளியின் கவட்டையில் கூழ்மம் தடவி, ஒலியுணர்வியை வைத்து, தொடைச்சிரையைத் திரையில் காண்கின்றனர். மெல்ல அழுத்தினால் நலமான சிரை மடிந்து மூடிக்கொள்ளும்; உறைவு இருப்பின் மூடாது. சுவரின் தடிப்பையும் அளக்கின்றனர். பெஹ்செட் பணியாற்றிய அதே இஸ்தான்புல் நகரில் உள்ள மர்மரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இதுவரை உறைவே ஏற்படாத பெஹ்செட் நோயாளிகளிடத்தும் அச்சுவர் தடித்திருப்பதைக் கண்டனர். சுவர் 0.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருப்பின் இந்நோய் பற்றிய ஐயம் வலுப்பெறுகிறது. கதிரியக்கம் இல்லை, ஊசி குத்தும் வலி இல்லை, அளவீட்டை மீண்டும் மீண்டும் எடுக்கலாம். எனினும் அந்த எண் மட்டுமே முடிவு சொல்லாது. வாயில் புண் வந்ததா, கண் சிவந்ததா என மருத்துவர் கேட்டறிந்த பின்னரே எண் பொருள் பெறுகிறது.

அவ்வாறு கேட்டறிதலே பெஹ்செட் கையாண்ட முறை. பார்வை இழந்த முதல் நோயாளிக்கு அம்முறை காலம் கடந்தே கிட்டியது. அவருக்குப் பின் வந்தவர்களோ தம் நோய்க்கு ஒரு பெயரையும், உரிய காலத்தில் மருத்துவத்தையும் பெற்றனர். பலர் தம் பார்வையையும் காத்துக்கொண்டனர்.