ஒரு நூலுக்கு எத்தனை இடம்?

கணிப்பொறிக்கு அறிவூட்டும் கலையைப் பற்றி நம் வகுப்புகளில் ஓயாது பேசுகிறோம். எனக்கு அக்கலையை விளங்க வைத்தது ஒரு நூலகரின் வாழ்க்கை. அவர்தாம் சீர்காழி இரங்கநாதன்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். என் ஊர் இடுக்கி மாவட்டத்துக் குமுளி, தமிழக எல்லை. பள்ளி நாட்களில் ஊர் வாசகசாலையின் நூல்களை அடுக்கும் வேலை எனக்கு. ஏலத்தோட்டக்காரர் ஒருவர், செடிகளில் கட்டை நோய் கண்டு, அதைப் பற்றிய நூல் கேட்டு வந்தார். வேளாண்மை அலமாரியில் தேடிவிட்டு, இல்லை என்று அனுப்பினேன். நூலோ, இடுக்கியைப் பற்றியது என்று மாவட்ட வரலாற்று நூல்களோடு நானே வைத்த இடத்தில் இருந்தது! அந்நோய்க்கு மருந்தில்லை, கண்டவுடன் தூரைப் பிடுங்கி அழிக்கவேண்டும். இல்லையேல் அசுவினிப் பூச்சி அதைத் தோட்டமெங்கும் பரப்பிவிடும். நான் நூலைக் கண்டெடுத்தபோது இரண்டு மாதம் கழிந்திருந்தது.

இரங்கநாதன் 1892இல் பிறந்தவர். மங்களூரிலும், எங்கள் மலைக்கு வடக்கே கோவையிலும், பின்னர்ச் சென்னையிலும் கணிதம் கற்பித்தார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். வேலை சலித்தது! சில நாட்களிலேயே, வகுப்பறைக்கே திரும்புகிறேன் என்று வந்து நின்றார். இலண்டனில் பயின்று வந்த பிறகும் பிடிக்காவிட்டால் திரும்பலாம் என்றனர். போனார், மனம் மாறினார்.

அங்கே ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பெட்டியைக் கண்டார். சில பட்டைகள், சில திருகாணிகள். அவற்றைக் கொண்டே எத்தனையோ உருவங்கள்! அறிவையும் இப்படிப் பூட்டலாமே என்று தோன்றிற்று. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை அதன் விளைவு. தனித்தன்மை, பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்து முகங்களாக நூலின் கருத்தைப் பிரித்து, அவற்றின் எண்களை முக்காற்புள்ளி முதலிய குறிகளால் கோத்தார். மருத்துவத்தில் நுரையீரல் 45. இடத்தில் இந்தியா 44. அவ்வெண்களைப் பார்த்தால் தலை சுற்றும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. நம் நாட்டிலேயே பல நூலகங்கள் டூயியின் முறையோடு நின்றுவிட்டன.

அமெரிக்க அறிஞர் மார்வின் மின்ஸ்கி 1974இல், இயந்திர அறிவுக்கு நிரப்பவேண்டிய இடங்களைக் கொண்ட சட்டகங்களை முன்வைத்தார். நம் கணித ஆசிரியர் இயந்திரத்தை எண்ணிச் செய்யவில்லை. ஆயினும் ஒரு பொருளை ஒரே பெட்டியில் அடைக்காமல், அதன் முகங்களையும் உறவுகளையும் எழுதி வைப்பதில் இருவரும் எத்துணை நெருக்கம்!

1972 செப்டம்பர் 27இல் பெங்களூரில் அவர் மறைந்தார்.

சென்ற விடுமுறையில் அந்த நூலுக்கு ஏலம், கட்டை நோய், இடுக்கி என மூன்று அட்டைகள் எழுதி வைத்தேன். தோட்டக்காரர் அந்நிலத்தில் இப்போது மிளகு வைத்திருக்கிறார்.