கல்லடியில் எழுந்த கல்விக் கோயில்

யாழ் நூல் தந்த பேரறிஞர் என்றே விபுலாநந்த அடிகளாரைத் தமிழுலகம் பெரிதும் போற்றுகின்றது. அப்புகழ் தகும். ஆயின் அடிகளார் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைப் பாடசாலைக்கு நிலமும் சுவரும் கூரையும் தேடுவதிற் செலவிட்டார் என்பதை நாம் அத்துணை நினைப்பதில்லை. முற்றுப்பெறாத கட்டடத்துக்கும் பழுதுற்ற கூரைக்கும் பொதுமக்களின் உதவியை நாடி நிற்கும் கல்லூரிகள் எக்காலத்தும் உண்டு. அத்தகைய கல்லூரிகளின் துன்பத்தை உணர்ந்தவர்க்கு அடிகளாரின் வரலாறு ஓர் ஆறுதலாகும்.

1892ஆம் ஆண்டிலே கிழக்கிலங்கையின் காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார், மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிற் பயின்று, கொழும்பு அரசினர் ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும், 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் வெற்றி கண்டார். தமிழும் விஞ்ஞானமும் ஒருங்கே கைவந்த அவ்விளைஞர், மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கினார். பெரும்பதவியும் பொருளும் எளிதில் எய்தியிருக்கலாம். அவரோ 1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தரானார்.

பொருளைத் துறந்தவரைப் பொருட்கவலை விட்டதோ எனில், இல்லை. ஈழம் திரும்பிய அடிகளார் இராமகிருஷ்ண சங்கப் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். அந்நாளில் உதவி பெறும் பாடசாலைகளுக்கு அரசாங்கம் அளித்த பணம் பெரும்பாலும் ஆசிரியர் ஊதியத்துக்கே உரியது. நிலம் பெறுவதும், கட்டடம் எழுப்புவதும், பழுது பார்ப்பதும் முகாமையாளர் தலைமேல் விழுந்த சுமைகள். தமக்கென ஒரு காசும் வைத்துக்கொள்ளாத துறவி, பிறர் பிள்ளைகளுக்காகப் பொருள் தேட வேண்டியவரானார்.

இந்நிலையிலேதான் 1929இல் மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயம் தோன்றிற்று. தமக்குத் துறவளித்த சிவானந்த சுவாமிகளின் பெயரையே அதற்குச் சூட்டினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. அப்பதவியின் ஊதியம் கல்லடிக்குப் பேருதவியாயிற்று. சிதம்பரத்திலே ஆசிரியர் விரித்துரைத்த தமிழ், கடல் கடந்து மட்டக்களப்பிலே செங்கல்லும் சுண்ணாம்புமாகப் பயன் தந்தது. 1933இல் அவர் அப்பதவியை விட்டு நீங்கி மீண்டும் பாடசாலைப் பணிக்கே வந்தார்.

கட்டடக் கவலை அறிவுப்பணிக்கு இடையூறு என்பார் உளர். அடிகளார் வாழ்விலும் அவ்விரண்டும் ஒன்றோடொன்று போரிட்டன என்பதில் ஐயமில்லை. பல்லாண்டு ஆராய்ந்த யாழ் நூல், 1947ஆம் ஆண்டு ஆனித் திங்களிலேதான் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. அதன்பின் அடிகளார் வாழ்ந்தது சில வாரங்களே. எனினும், மாணவர் இருந்து கற்க இடமின்றேல் நூல் யாருக்கு என்று எண்ணியவர் போலும், சுவரையும் நூலையும் ஒருசேர வளர்த்தார்.

கொழும்பு நகரும் அவர் பணிக்களமே. கொட்டாஞ்சேனையின் விவேகானந்த சபையும், வெள்ளவத்தையின் இராமகிருஷ்ண ஆசிரமமும் அவர் சார்ந்து நின்ற பணியின் நிலைக்களங்கள். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய்க் கொழும்பில் அமர்ந்தார். 1947 யூலை 19ஆம் நாள் கொழும்பிலேயே இறைவனடி சேர்ந்தார். அவர்தம் திருமேனி கல்லடிக்குக் கொண்டுசெல்லப்பெற்றுச் சிவானந்த வித்தியாலய வளவிலேயே அடக்கம் செய்யப்பெற்றது.

1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலன அரசாங்கத்தின் கைக்கு மாறின. 1978இன் சூறாவளியும் 2004இன் ஆழிப்பேரலையும் அக்கரையோரத்தைத் தாக்கின. ஒரு தலைமுறை எழுப்பிய சுவரை மறுதலைமுறை காத்தல் வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? பாடசாலைக்குக் கொடுத்தல் பிச்சையிடுதலன்று. முன்னோர் விட்டுச்சென்ற கடனை அடைத்தலாகும். அடிகளாருக்கு விழா எடுப்போர், முதலில் தம் ஊர்ப் பாடசாலையின் கூரையை ஒருமுறை நிமிர்ந்து நோக்குவாராக.