அஜாக்ஸ் கம்பெனி முதல் அரசவை வரை: 8ஆம் வகுப்பு படித்த கண்ணதாசன் கவியரசர் ஆனது எப்படி?

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட், எண்ணூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு 'அஜாக்ஸ்' என்றால் பஸ் நிறுத்தம். ஆனால் அந்தப் பெயர் ஒரு கம்பெனியின் பெயர். திருவொற்றியூரில் உப்புத்தாள் தயாரித்த நிறுவனம் அது. 1940களில் அங்கே சாதாரண வேலை பார்த்த ஒரு பையன்தான், பின்னாளில் தமிழ் சினிமா பாட்டையே மாற்றிய கவியரசர் கண்ணதாசன்.

யார் இந்த முத்தையா?

கண்ணதாசனின் இயற்பெயர் முத்தையா. காரைக்குடி அருகே சிறுகூடல்பட்டியில் 1927 ஜூன் 24ஆம் தேதி பிறந்தார். சிறு வயதிலேயே 7,000 ரூபாய்க்கு வேறொரு குடும்பத்துக்குத் தத்து கொடுக்கப்பட்டார். அந்த வீட்டில் அவர் பெயர் நாராயணன். படிப்பு 8ஆம் வகுப்போடு நின்றுபோனது.

செட்டிநாட்டுப் பையன் என்றால் வட்டிக்கடையோ, வியாபாரமோதான் வழி என்றிருந்த காலம். அவருக்கோ எழுத்து மேல்தான் ஆசை. வீட்டை விட்டுக் கிளம்பி சென்னை வந்தவருக்குக் கிடைத்தது அஜாக்ஸ் வேலை. பகலில் கம்பெனி, மிச்ச நேரத்தில் கதை. முதல் கதை ஒரு பத்திரிகையில் அச்சானதும், இனி எழுத்துதான் பிழைப்பு என்று முடிவெடுத்தார். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு அவர் போய்ச் சேர்ந்த இடம், புதுக்கோட்டைச் சீமையில் நடந்துவந்த 'திருமகள்' பத்திரிகை. பாரதிதாசன் போல 'தாசன்' என்று புனைபெயர் வைப்பது அப்போதைய வழக்கம். முத்தையா, கண்ணதாசன் ஆனார். இருபது வயதுகூட ஆகாத அவரிடம் ஆசிரியர் பொறுப்பும் வந்தது.

சினிமாவுக்கு வந்தது எப்படி?

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவை ஜூபிடர் பிக்சர்ஸ் என்று படக் கம்பெனிகள் பக்கம் நகர்ந்தார். 1949ல் வெளியான 'கன்னியின் காதலி' படத்தில் முதல் பாட்டு. அதே ஆண்டு தொடங்கிய திமுகவிலும் சேர்ந்தார். 1953ல் டால்மியாபுரம் பெயரைக் கல்லக்குடி என மாற்றக் கோரிய போராட்டத்தில் கைதாகிச் சிறை சென்றார். 'மாங்கனி' காவியம் சிறையில் எழுதியது. 1957 தேர்தலில் திருக்கோஷ்டியூர் தொகுதியில் நின்று தோற்றார்.

கடனும் பாட்டும்

சொந்தமாகப் படம் எடுத்ததுதான் அவர் வாழ்க்கையின் பெரிய அடி. 1958ல் 'மாலையிட்ட மங்கை' ஓடியது. அந்தத் தெம்பில் 1959ல் 'சிவகங்கைச் சீமை' எடுத்தார். அதே ஆண்டு சிவாஜியின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வெளிவந்து சக்கைப்போடு போட்டது. 'சிவகங்கைச் சீமை' எழவில்லை. 1960ல் 'கவலை இல்லாத மனிதன்' எடுத்தார். படத்தின் பெயர்தான் அப்படி, அவர் தலைமேல் ஏறியதோ கடன். 1961ல் திமுகவிலிருந்தும் வெளியேறினார்.

கையில் காசு இல்லை, கட்சியும் இல்லை. ஆனால் அவரது உச்சம் தொடங்கியது அந்த நேரத்தில்தான். விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையில் 'பாசமலர்', 'பாலும் பழமும்', 'சுமைதாங்கி', 'பாத காணிக்கை' என வரிசையாகப் பாட்டுகள் வந்தன. மெட்டைக் கேட்டதும் அவர் வாயால் சொல்லச் சொல்ல, உதவியாளராக இருந்த பஞ்சு அருணாசலம் எழுதிக்கொள்வார்.

1962ல் 'சுமைதாங்கி' படத்துக்கு அவர் எழுதி, பி.பி.ஸ்ரீநிவாஸ் பாடிய ஆறுதல் பாட்டு ஒன்று உண்டு. வாய்ப்பு கிடைக்காமல் சென்னையை விட்டே கிளம்ப இருந்த ஒரு இளைஞரை அந்தப் பாட்டு தடுத்து நிறுத்தியது. அந்த இளைஞர் கவிஞர் வாலி. பின்னாளில் கண்ணதாசனுக்கே போட்டியாக வளர்ந்தவர்!

பட்டினத்தார் தொடர்பு என்ன?

திருவொற்றியூர் கடற்கரையில்தான் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. பெரும் செல்வத்தைத் துறந்த வணிகர், செத்த பிறகு கூட வருவது எது என்று பாடியவர். அதே கருத்தை 'பாத காணிக்கை' படத்தில், பள்ளிக்கூடம் போகாதவருக்கும் புரியும் பேச்சுத்தமிழில் இறக்கி வைத்தார் கண்ணதாசன். சாவு வீடுகளில் ஸ்பீக்கரில் இன்றும் அந்தப் பாட்டைக் கேட்கலாம்.

கண்ணதாசனின் பலம் இதுதான். சங்கப் பாட்டு, கம்பன், சித்தர் என்று படித்ததை எல்லாம் எளிய சொல்லில் தருவார். தத்து போன பிள்ளை, தோற்ற வேட்பாளர், கடனாளி என எல்லா நிலையிலும் தானே நின்று பார்த்தவர். அதனால்தான் அந்தச் சோகம் கேட்பவருக்கு இரவல் சோகமாகத் தெரியவில்லை.

மாற்றி மாற்றிப் பேசினாரா?

அவர் மீதான முக்கிய விமர்சனம் இது. நாத்திகராக இருந்தவர் 'அர்த்தமுள்ள இந்துமதம்' எழுதினார். கடைசிக் காலத்தில் 'இயேசு காவியம்' படைத்தார். திமுகவில் இருந்தவர் ஈ.வெ.கி.சம்பத்தின் தமிழ் தேசியக் கட்சிக்குப் போய், பிறகு காங்கிரஸ்காரர் ஆனார். ஆனால் எதையும் மறைக்கவில்லை. தன் அரசியல் வாழ்க்கையின் சறுக்கல்களை 'வனவாசம்' நூலில் அவரே போட்டு உடைத்தார். எம்.ஜி.ஆரை அரசியலில் கடுமையாகத் தாக்கியவரும் அவர்தான். அந்த எம்.ஜி.ஆர் முதல்வரானதும் 1978ல் கண்ணதாசனை அரசவைக் கவிஞர் ஆக்கினார்.

விருதும் விடையும்

பாடலாசிரியருக்கான தேசிய விருதை முதன்முதலில் பெற்றவர் கண்ணதாசன். 1968ல் வெளியான 'குழந்தைக்காக' படத்துக்காகக் கிடைத்தது. 'சேரமான் காதலி' நாவலுக்கு 1980ல் சாகித்ய அகாடமி விருது. சுமார் 5,000 திரைப்பாடல்கள் அவர் பெயரில் சொல்லப்படுகின்றன.

அமெரிக்கா சென்றிருந்தபோது உடல்நிலை பாதிக்கப்பட்டு, 1981 அக்டோபர் 17ஆம் தேதி சிகாகோவில் காலமானார். வயது 54. உடல் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு அரசு மரியாதையுடன் தகனம் செய்யப்பட்டது. இளையராஜா இசையில் அவர் கடைசியாக எழுதிய தாலாட்டு, 1982ல் 'மூன்றாம் பிறை' வெளியானபோதுதான் மக்கள் காதுக்கு வந்தது. அப்போது அதை எழுதியவர் உயிரோடு இல்லை.

காரைக்குடியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. திருவொற்றியூரிலோ, அவர் வேலை பார்த்த கம்பெனியின் பெயரை பஸ் கண்டக்டர்கள் இன்றும் கூவிக்கொண்டிருக்கிறார்கள்.